நூற்றைம்பது கிராமும் என் மீசையும்

பாரம் தூக்குகிறவன் எவனும் பாரத்துக்குப் பயப்படமாட்டான். அவன் நடுங்குவதெல்லாம் எடை மிஷினைக் கண்டுதான். இருபது வருஷத்துக்கு மேல் பவர்லிஃப்டிங் செய்து, இடுப்பில் கயிறு கட்டி லாரி இழுத்து, திருவிழா மேடைகளில் ஆட்டுக்கல்லைத் தூக்கிக் காட்டி, இன்று மாடிப்படி ஏறினால் முட்டி இரண்டும் பழைய கதவு மாதிரி சத்தம் போடும் நிலைமையில் இருக்கும் நான் சொல்கிறேன், நம்பலாம். எந்த இரும்பும் என்னைக் கவிழ்த்ததில்லை. ஒரு நூற்றைம்பது கிராம் கவிழ்த்தது. என்னை மட்டும் கவிழ்த்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அது என் நைனாவைக் கொன்றே போட்டுவிட்டது. (பதறாதீர்கள். அவர் அன்று சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிட்டார்.)

நான் நகரிக்காரன். பெயர் தணிகாசலம். ஊர் ஆந்திரா, வீடு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் விசைத்தறி ஓட்டினார். பாவு நூல் சுற்றிய பீம் உருளையை இரண்டு பேராகத் தூக்கித்தான் தறியில் மாட்டுவார்கள். ஒருநாள் ஆள் வரவில்லை என்று நான் ஒருவனே தூக்கி மாட்டினேன். ஷெட்டில் இருந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் ஒரு பலசாலி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். (அந்த பீமில் பாவு பாதிதான் இருந்தது என்று நைனா பிற்பாடு சொன்னார். அதற்குள் நான் சட்டைக் கைகளையெல்லாம் வெட்டிவிட்டிருந்தேன்.)

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சூரத்திலிருந்து வந்த துணி, நாங்கள் நெய்த துணியைவிட மலிவாக எங்கள் ஊர்க் கடையிலேயே விற்றது. என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டினார்கள். எனக்கும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நைனா சொல்லி வைத்திருந்தார். நான் தப்பிக்க ஒரே வழி, மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து மாநிலப் போட்டிக்குப் போவது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு நிற்கலாம். நைனா கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு வாட்டி பாரு. ஜெயிச்சா ஜெயிச்ச. இல்லனா திருப்பூர் வண்டி ஏறு."

மாவட்டப் போட்டி திருப்பதியில் நடந்தது. அங்கே எனக்கு ரமணா என்று ஒரு சிநேகிதன், அவனும் பாரம் தூக்குகிறவன்தான். முதல் நாளே கிளம்பி அவன் வீட்டில் தங்கினேன். கிளம்பும்போது நைனா, மறுநாள் காலை ரயிலில் தறி சாமான் வாங்கச் சென்னைக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் அதைச் சொல்லக்கூடாத விதத்தில் சொல்லித் தொலைத்தேன்.

ரமணாவின் அம்மா அன்று ராகி சங்கட்டிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்திருந்தார். என் பிரிவு அறுபத்தேழரை கிலோ. ஊரில் கிளம்பும்போது சரியாக அதற்குள் இருந்தேன். விளையாட்டு வீரன் என்றால் அந்த நேரத்தில் நாக்கை அடக்கியிருக்கவேண்டும். நானோ, பெரியவர்கள் அன்போடு போடுவதை மறுக்கக்கூடாது என்ற நம் பண்பாட்டை அன்று இரவு முழுமூச்சாகக் காப்பாற்றினேன்.

காலையில் மிஷினில் ஏறினேன். அரை கிலோ கூடுதல். ஒன்று எடையைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் அடுத்த பிரிவான எழுபத்தைந்தில் தூக்கவேண்டும். எழுபத்தைந்தில் சித்தூர்க்காரன் ஒருவன் இருந்தான். அவன் தூக்குவதைப் பார்த்தால் நமக்கு முதுகு வலிக்கும். அங்கே போனால் நேராகத் திருப்பூர்தான்.

எடை பார்க்கும் நேரம் முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து ஏறலாம் என்பது விதி. ரமணா என்னை ஒரு பிளாஸ்டிக் ரெயின்கோட்டுக்குள் திணித்து மைதானத்தில் ஓடவிட்டான். திருப்பதி வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஓடினேன். துப்பினேன். புளியை வாயில் அடக்கி ஊறவைத்து மறுபடி துப்பினேன். கழிப்பறைக்குப் போய் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன். ஜட்டியோடு ஏறினேன், பிறகு ஜட்டியும் இல்லாமல் ஏறினேன். இன்னும் நூற்றைம்பது கிராம் கூடுதல். எடை பார்த்த அதிகாரி என்னைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரமணா என் தலையைப் பார்த்தான். அன்றைய சினிமா ஹீரோக்களைப் பார்த்துக் கழுத்து வரை வளர்த்து வைத்திருந்த முடி. "குண்டு," என்றான். ஏற்கெனவே எடை கூடிய வருத்தத்தில் இருக்கிறேன், இவன் வேறு என்னைக் குண்டு என்கிறானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் தலையைத் தடவிக் காட்டிய பிறகுதான் மூளை தெலுங்குக்கு மாறியது. குண்டு என்றால் மொட்டை.

திருப்பதியில் மொட்டை அடிக்க ஆள் தேடவேண்டியதில்லை. கொஞ்சம் நின்றாலே அடித்துவிடுவார்கள். அடுத்த தெருவில் கடை போட்டிருந்தவர், நான் உட்காருவதற்குள் பாதித் தலையை முடித்துவிட்டார். பிறகு கத்தியை என் மூக்குக்குக் கீழே நிறுத்தி, "மீசம் கூடா?" என்று, மீசையையும் சேர்த்தா என்று கேட்டார்.

இங்கேதான் எனக்குச் சற்றுத் தயக்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை மீசையை எடுக்கமாட்டான். தலையும் மீசையும் ஒன்றாகப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் அந்த மீசை எத்தனை கிராம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? (ஒன்றும் இருந்திருக்காது. வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரிகிற மீசை அது.) திருப்பூரா, மீசையா என்று ஒரு கணம் யோசித்தேன். "எடுங்க," என்றேன்.

ஒட்டிய மயிர் ஒன்றுகூட மிஷினில் ஏறிவிடக்கூடாது என்று அங்கேயே குழாயடியில் உட்கார்ந்து தலைக்குக் குளித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடுப்பில் ஈரத்துண்டு, வெற்று உடம்பு, வெயிலிலும் பட்டினியிலும் ரத்தமாகச் சிவந்த கண்கள். இந்தக் கோலத்தில் மைதானத்தை நோக்கி ஓடும்போது எதிரே லோகம்மா அத்தை வந்தாள்.

லோகம்மா அத்தை நகரியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். (சொந்தமெல்லாம் இல்லை. எங்களை அதட்டுகிற பெண்கள் எல்லோருமே அத்தைதான்.) மலையில் சாமி பார்த்துவிட்டு, லட்டுப் பையோடு பஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். திருப்பதியில் வெறும் மொட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தது மொட்டையை அல்ல, அதற்குக் கீழே காணாமல் போயிருந்த மீசையை.

"தணிகா, இன்னாடா இது கோலம்? நைனா எங்கடா?"

எனக்குத் தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சைச் சிக்கனமாக வைத்துக்கொண்டேன்.

"காலைலயே பூட்டாரு அத்தே."

"ஐயோ கடவுளே. எப்புட்றா?"

"ரயிலு," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன வயதில் மீசையைக்கூடப் பெருமாளுக்குக் கொடுத்துவிட்ட என் பக்தியைப் பார்த்து உருகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பட்டினி கிடந்தால் மூளைதான் முதலில் எடை குறையும்.

மிஷினில் ஏறினேன். ஈரத்துண்டையும் எறிந்தேன்; முள் சரியாகக் கோட்டின் மேல் நின்றது. நான் மூச்சு விடவில்லை. அதிகாரி என் மொட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, கோவிந்தா என்று முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார்.

அடுத்து நகரியில் நடந்ததையெல்லாம் நான் பிறகு பல வாய்களிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லோகம்மா அத்தை பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு போய், நேராக எங்கள் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறாள். காலையில்தான் நைனாவை ரயிலுக்கு அனுப்பி வைத்திருந்த அம்மாவுக்கு, ரயில் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அடிபட்டவரைத் திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், போட்டிக்குப் போன இடத்தில் பிள்ளைக்குத் தகவல் போயிருக்கும், உடம்பு தாங்காது என்று அங்கேயே காரியத்தை முடித்திருப்பார்கள் என்று தெருவே சேர்ந்து மிச்சக் கதையைக் கட்டி முடித்தது. எங்கள் ஊரில் தறி நின்றாலும் நிற்கும், இந்த நெசவு நிற்காது.

இது எதுவும் தெரியாமல் நான் திருப்பதியில் வயிறு முட்டத் தண்ணீரும் வாழைப்பழமுமாக இறக்கிவிட்டு மேடை ஏறினேன். ஸ்குவாட்டில் தேறினேன். பெஞ்ச் பிரஸ்ஸில் ஒன்றைக் கோட்டைவிட்டேன். கடைசியாக டெட்லிஃப்ட். மதனப்பள்ளிக்காரன் ஒருவன் முன்னால் இருந்தான். அவனைத் தாண்ட, மூன்றாவது வாய்ப்பில் நான் நூற்றுத் தொண்ணூறு கிலோ தூக்கவேண்டும். அதற்கு முன் வாழ்க்கையில் அதைத் தூக்கியதில்லை.

டெட்லிஃப்டில் ஒரு விதி உண்டு. தரையில் கிடக்கும் இரும்புப் பாரைத் தூக்கி, முட்டியும் இடுப்பும் தோளும் நிமிர்ந்து, அசையாமல் நிற்கவேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையைக் கீழே காட்டி "டவுன்" என்று சொன்ன பிறகுதான் இறக்கலாம். அதற்கு முன் இறக்கினால் தூக்கியது தூக்கியதாகவே ஆகாது.

குனிந்தேன். பிடித்தேன். பார் முதலில் வரமாட்டேன் என்றது. பிறகு வேண்டாவெறுப்பாக வந்தது. முட்டி தாண்டி, தொடை தாண்டி, நிமிர்ந்துவிட்டேன். நடுவரின் கை மேலே இருந்தது, இறங்கப்போகிற நேரம். அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. அம்மாவின் தம்பி தேசப்பன் மாமா, தோளில் துண்டோடு, அழுது வீங்கிய முகத்தோடு உள்ளே வந்தார்.

"டேய் தணிகா. நைனா பூட்டாரு, நீ இங்க இரும்பத் தூக்கிக்கினு நிக்கிறியே. எறக்குடா."

அரங்கமே அவர் பக்கம் திரும்பியது. நடுவரும் திரும்பிவிட்டார். மேலே போன கை மேலேயே நின்றுபோனது.

இப்போது சிரிக்கிறேன். அன்று அந்தச் சொல் நெஞ்சில் இறங்கியபோது எனக்கு அது செய்திதான். காலையில் ரயில் ஏறிய மனிதர். போகாதே என்று சொல்ல நான் வீட்டில்கூட இல்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கக் கை இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்த்தன. மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நைனா போய்விட்டார் என்றால், அந்த வீட்டுக்கு இனி நான்தான். அங்கே வெறுங்கையோடு போகமாட்டேன். பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

எனக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று மாமா நினைத்தாரோ என்னவோ, கிட்டே வந்து தெலுங்கிலும் சொன்னார். "திஞ்சரா." ரமணா ஓடிவந்து அவரை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாவய்யா, ரெஃபரீ செப்பாலி," என்று கெஞ்சினான். இறக்கச் சொல்ல மாமாவுக்கு அதிகாரம் இல்லை, நடுவர்தான் சொல்லவேண்டும் என்று அவன் விளக்கிக்கொண்டிருக்க, அப்பன் செத்தால் மாமன் சொல்லாமல் வேறு யார் சொல்வது என்று மாமா திமிறிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே நான் நின்றேன். கடைசியில் நடுவர் திரும்பினார். நான் இன்னும் நிற்பதைப் பார்த்து அவரே ஒருமுறை அதிர்ந்தார். "டவுன்," என்றார்.

இறக்கினேன். போடவில்லை, இறக்கினேன். தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன.

மேடையிலேயே மாமாவின் காலில் விழுந்து, எப்போது, எங்கே, எப்படி என்று கதறினேன். மாமாவின் அழுகை சட்டென்று நின்றது.

"எங்கிட்ட கேக்குறியா? நீதானடா லோகம்மாகிட்ட சொன்ன. காலைல ரயில்ல பூட்டாருன்னு."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. "சென்னைக்குப் பூட்டாரு மாமா. தறி சாமான் வாங்க."

மாமா என்னைப் பார்த்தார். என் மொட்டையைப் பார்த்தார். "அப்ப வாசல்ல போட்ட ஷாமியானா?" என்று கேட்டார். ரமணா தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். மாமா அவனை ஓங்கி ஒரு அறை விட்டார். அந்த அறை எனக்கு வரவேண்டியது என்று ரமணா இன்றும் கணக்கு வைத்திருக்கிறான்.

எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தோம். எடுத்தவர், இங்கே ஒரு சாவு, அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் மாமா கொண்டுவந்த வேனிலேயே கிளம்பினோம். வேனில் நைனாவின் படத்துக்குப் போட வாங்கிய பெரிய ரோஜா மாலை ஒன்று கிடந்தது. வழியில் தூக்கிப் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. நீதான் ஜெயித்துவிட்டாயே என்று எனக்கே போட்டுவிட்டார்.

அதற்குள் நைனா நகரி ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். வழியில் வெளியூர் மேளக்காரர்கள் அவரை நிறுத்தி, தறிக்கார முனுசாமி வீடு எது, ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டாராமே என்று கேட்டிருக்கிறார்கள். நைனாவின் பெயர் முனுசாமி. அடுத்த தெருவில் இன்னொரு தறிக்கார முனுசாமியும் இருந்தார். பாவம், நல்ல மனுஷன், காலையில்கூட ஸ்டேஷனில் பார்த்தேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டே, நைனா மேளக்காரர்களைத் தானே முன்னால் நடந்து அழைத்துப்போய் அந்த முனுசாமியின் கதவைத் தட்டியிருக்கிறார். கதவைத் திறந்த முனுசாமி, எதிரே மேளத்தோடு நிற்கும் நைனாவைப் பார்த்ததும் ஒரு சத்தம்கூடப் போடாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

நைனா வீட்டுக்கு வந்தபோது அம்மா அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. கையில் கிடைத்த முறத்தால் நாலு சாத்து சாத்திவிட்டு, "எங்க பூட்ட?" என்று கேட்டு, அதன் பிறகு உட்கார்ந்து முன்னைவிட அதிகமாக அழுதாள். செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்று தெருவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அழுத களைப்பு போக, வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காப்பி போட்டாள்.

மாமா முதலில் இறங்கி, மேடையில் நடந்ததை நைனாவிடம் சொல்லிவிட்டார்; பிறகு நான் கழுத்தில் ரோஜா மாலையோடு வேனிலிருந்து இறங்கினேன். நைனா என் தலையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். கை ஓங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் பூட்டேன்னு சொன்னப்ப, கைல எத்தினி கிலோ வெச்சிருந்த?"

"நூத்தித் தொண்ணூறு நைனா."

"போட்டுட்டியா?"

"இல்ல. புடிச்சிக்கினு நின்னேன்."

நைனா, திருப்பூருக்கு நாளைக்கே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். சித்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஃபைல் தூக்குகிற வேலைதான், ஆனால் பென்ஷன் உண்டு. அதன் பிறகு எத்தனையோ மேடைகள். பங்காருபாளையத்தில் மாங்காய் லோடு ஏற்றிய லாரியை இடுப்பில் கட்டி இழுத்தபோது, கூட்டத்துக்கு மைக்கில் இந்தக் கதையைத்தான் சொன்னான் ரமணா. அம்மா அன்றிலிருந்து வீட்டில், ஊருக்குப் போனவருக்கும் உயிர் போனவருக்கும் பொதுவான 'பூட்டாரு' என்ற வார்த்தைக்குத் தடை போட்டுவிட்டாள். யார் எங்கே கிளம்பினாலும் ஊர் பெயர், வண்டி, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் முழு வாக்கியத்தில் சொல்லவேண்டும். என் பிள்ளைகள் டியூஷனுக்குப் போவதைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். தெருவில் யார் மொட்டை அடித்தாலும், முதலில் சிரிப்பு, பிறகுதான் விசாரிப்பு.

ஊர் சொன்னபடியே நைனாவின் ஆயுசு கெட்டியாகத்தான் இருந்தது. என் மகன் முதல் பாரைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். தூக்கத்திலேயே போனார். காரியம் முடித்து, குளித்து, ஈரத்துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். லோகம்மா அத்தை கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். பார்வை மங்கிவிட்டது. என் முகத்தருகே வந்து, மொட்டையையும் மேலுதட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நெஜமாவே பூட்டாரா தணிகா? இல்ல, போட்டியா?"

"நெஜந்தான் அத்தே," என்றேன். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.